"உங்க மதம் என்ன?" என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்

கேள்வி இதுதான்: சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் களஆய்வு செய்கிறார். மக்கள் தங்கள் சொந்த மத நம்பிக்கையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதே ஆய்வு. "உங்கள் மதம் என்ன, எதை நம்புகிறீர்கள்?" என்று கேட்டால் இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, "அவ்ளோதானா மேடம்?" என்று எழுந்துவிடுகிறார்களாம். எப்படிக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்? எப்போது போவது நல்லது?

அரூர் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் கேட்பது தாலுகா ஆபீஸ் கேள்வி. தாலுகா ஆபீஸில் சொல்கிற பதில்தான் வரும். எங்கள் பக்கத்து ஆள் தன் சாமியைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கையிலிருந்து தொடங்க மாட்டார். பிள்ளைக்கு முதல் முடி எங்கே இறக்கினோம், திருவிழா வரி எங்கே கட்டுகிறோம், சாவு விழுந்தால் யார் வந்து நிற்பார்கள், இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குவார். நம்பிக்கை என்று நீங்கள் தேடுவது அதற்கெல்லாம் பிறகு, இரண்டாவது டீ வரும்போது தானாக வரும்.

முதலில் எண்ணிக்கை விஷயத்தை முடித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சத்துச் சொச்சம் பேர், கிருஷ்ணகிரியில் 18 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாவட்டத்திலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்து என்று பதிவு. படிவத்தில் ஆறு மதங்களுக்கு எண் உண்டு. அதில் அடங்காதவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதை முழுசாக எழுத வேண்டும். பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது, குடும்பத் தலைவர் மதத்தையே எல்லாருக்கும் போட்டுவிடக் கூடாது, ஆளாளுக்குக் கேட்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்தே பாதிக் கட்டம் நிரம்பிவிடும். 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப் போகிறார்கள் என்பதால் இந்தக் கட்டங்களைப் பற்றி ஊரில் இப்போது பேச்சு கூடுதல். அந்தப் பேச்சோடு உங்கள் ஆய்வையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். "நான் சர்க்கார் ஆள் இல்லை, காலேஜிலிருந்து வருகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "உங்க வூட்டு சாமி எது?" என்று கேட்டுப் பாருங்கள். அரூர், ஊத்தங்கரை, மொரப்பூர், மத்தூர்ப் பக்கம் போனால் நிறையப் பேர் வேடியப்பன் என்பார்கள். வேடியப்பன் கோயில் என்றால் கோபுரமும் மண்டபமும் எதிர்பார்க்காதீர்கள். வேப்பமரத்தடியிலோ ஏரிக்கரையிலோ ஒரு பலகைக்கல் நிற்கும். கல்லில் வில்லோ வாளோ பிடித்த ஒரு வீரன். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறி உருவமே மறைந்திருக்கும். துடைத்துப் பார்த்தால் சிலதில் வட்டெழுத்து இருக்கும்: இன்னார் காலத்தில் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இன்னான் பட்டான் என்று. ஆயிரத்து முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய பல்லவர் காலத்துக் கற்களும் அதில் உண்டு.

தகடூர் என்று பழைய பெயர் கொண்ட இந்தத் தர்மபுரிச் சீமையில் நடுகல் (இறந்த வீரனுக்கு நட்ட கல்) கும்பிடுவது அதைவிடப் பழைய வழக்கம். சங்ககாலத்தில் இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையாரே பாடியிருக்கிறார். இன்றைக்கு வேடியப்பனுக்குக் கெடா வெட்டுகிறவருக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் "இவரு யாருங்க?" என்று கேளுங்கள். "எங்க முன்னோரு, மாட்ட காப்பாத்தப் போயி செத்தவரு" என்று ஒருவர் சொல்வார். "வேட்டைக்காரச் சாமி" என்பார் இன்னொருவர். "சிவனோட அம்சம்" என்பார் மூன்றாமவர். இவர் அநேகமாகக் கோயிலுக்குப் புதிதாகக் கும்பாபிஷேகம் நடத்தியவர். மூன்றும் ஒரே கல்லைப் பற்றிய பதில். உங்கள் ஆய்வுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. மூன்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். தொல்லியல் படித்தவர்கள் சிலர், "இது சாமியில்லை, வீரக்கல்" என்று திருத்தப் போய் வெறும் கையோடு திரும்பியதை நான் கண்டிருக்கிறேன். இறந்த வீரன் என்பதும் சாமி என்பதும் அந்த ஊர்க்காரருக்கு முரண்பாடே இல்லை.

குலசாமி என்பது பங்காளிகள் கணக்கு. ஒரே சாமிக்கு முடி இறக்குகிறவர்கள் பங்காளி முறை. அவர்களுக்குள் பொண்ணு எடுக்க மாட்டார்கள். ஆகவே கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு முன்னாலேயே "எந்தக் கோயிலு?" என்ற கேள்வி வந்துவிடும். இது நம்பிக்கையைச் சோதிக்கிற கேள்வி இல்லை, உறவைச் சரிபார்க்கிற கேள்வி. வேலைக்காக ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய் இரண்டு தலைமுறை ஆனவர்களில் பலருக்குக் குலசாமி எந்த ஊரில் என்றே தெரியாமல் போயிருக்கிறது. அவர்கள் குறி கேட்டுத் தேடுவார்கள், இல்லாவிட்டால் திருப்பதிக்கோ பழனிக்கோ முடி கொடுத்துவிட்டு அதையே தங்கள் சாமி என்று சொல்லிக்கொள்வார்கள். அதில் ஒரு சின்னக் குறை அவர்கள் பேச்சில் தொனிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கல்யாணம் ஆனதும் கணக்கில் புருஷன் வீட்டுச் சாமிதான். கேட்டால் அதைத்தான் சொல்வார்கள், அதுவும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நிச்சயமாக. "உங்க அம்மா வூட்டுல எந்த சாமிங்க்கா?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும். பிரசவத்துக்குப் பயந்தபோது யாரை வேண்டினார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது யாருக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார் என்பதெல்லாம் அதில்தான் வரும். நீங்கள் தேடும் தனிப்பட்ட நம்பிக்கை பெரும்பாலும் இந்த வேண்டுதல்களில் இருக்கிறது. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்தி இருமுடி கட்டிப் போகிற பெண்கள் எங்கள் பக்கம் ஏராளம். அவர்களைக் கேட்டால் தாங்களே தேர்ந்தெடுத்த சாமி என்கிற மாதிரிப் பேசுவார்கள். மாதவிலக்கு நாளென்று அங்கே தடுப்பதில்லை என்பதை அவர்களே எடுத்துச் சொல்வார்கள். குலசாமியைப் பற்றி யாரும் அப்படி நியாயம் சொல்ல வேண்டியதில்லை. அது பிறப்போடு வந்தது.

அடுத்தது வரி. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. வரி கட்டியவன் ஊர்க்காரன். ஊரை விட்டுப்போய் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறவர்கூட இப்போது ஜிபேயில் போட்டுவிடுகிறார். "சாமி உண்டா இல்லையா?" என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. வரி நின்றால்தான் கேட்பார்கள். ஒரு குடும்பம் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கியது ஊருக்குத் தெரிவது பல நேரம் இப்படித்தான்: ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார்கள் என்பதால் அல்ல, மாரியம்மன் பண்டிகைக்கு வரி தர மறுத்ததால்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெரியவர் "எங்க மாரியம்மன் எல்லாருக்கும் பொது" என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். காலனிக்கு, அதாவது பட்டியல் சாதியினர் குடியிருப்புக்குப் போய், "உங்ககிட்ட வரி வாங்கறாங்களா? தேரு உங்க தெருவுக்கு வருதா?" என்று கேளுங்கள். பல ஊர்களில் காலனிக்குத் தனி மாரியம்மன், தனிப் பண்டிகை. வரி வாங்காமல் இருப்பது சலுகை இல்லை, விலக்கு. "நாங்களும் இந்துதான், ஆனா அந்தக் கோயில் எங்களுது இல்ல" என்ற பதில் உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் விழும் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாரதக் கூத்தைத் தவறவிடக் கூடாது. திரௌபதியம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்றும் சொல்வார்கள். கோடையில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று பல நாள் நடக்கும். கடைசியில் படுகளம்: தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன், பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு தீமிதி. சுற்றுப்பட்டு ஊர்களும் சேர்ந்து செலவு செய்வார்கள். "எதுக்கு இவ்ளோ செலவு பண்றீங்க?" என்று கேட்டால் மோட்சம், புண்ணியம் என்று யாரும் சொல்வதில்லை. "பாரதம் வெச்சா மழ பேயும்" என்பார்கள். ஏரி நம்பிய பூமி இது. நம்பிக்கை என்று ஒரு வாக்கியம் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் அது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் கதை வேறு. தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கிற கிராமங்கள் நிறைய. தமிழில் கேட்டால் "இந்து" என்று நிறுத்துகிற பெரியவர், கன்னடம் தெரிந்தவர் கூட இருந்தால் "நாங்க லிங்காயத்து" என்று கழுத்தில் கட்டியிருக்கும் லிங்கத்தைக் காட்டுவார். குரும்பர்கள் வீரபத்திரர் பண்டிகையில் தலையில் தேங்காய் உடைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள்; இளைஞர்கள் செல்போனில் வீடியோவே காட்டுவார்கள். யுகாதி அங்கே பெரிய பண்டிகை. திருப்பதியின் இழுப்பும் பலம். நாமம் போடும் வீடு, விபூதி பூசும் வீடு என்று ஒரே தெருவில், ஒரே சாதிக்குள்ளேயேகூடப் பிரிவு உண்டு. புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீட்டில் தாசர் வந்து சங்கு ஊதிச் சேகண்டி அடிப்பார். சாவுக்கும் அவர்தான் வருவார். ஆகவே அங்கே "உங்க வூட்டு சாவுக்கு சங்கு யாரு ஊதுவாங்க?" என்ற கேள்வி சைவமா வைணவமா என்பதைவிடத் தெளிவான பதில் தரும். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரில் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். அடுக்குமாடிகளில் கேட்டுக் கிடைப்பதை இந்த மாவட்டத்தின் பதிலாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடைத்தெருவில் அடகுக் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பங்கள் "ஜெயின்" என்று நேராகச் சொல்லிவிடுவார்கள்.

முஸ்லிம்களிடம் "முஸ்லிம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. வீட்டில் உருதா தமிழா என்பது ஒன்று. கிருஷ்ணகிரிப் பக்கம் உருது பேசுகிற குடும்பங்கள் நிறைய, அன்றைக்குப் பாரமகால் என்று சொல்லப்பட்ட இந்தப் பகுதி 1792 வரை ஹைதர், திப்பு கையில் இருந்தது. எந்த ஜமாஅத் (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்ச் சபை) என்பது மற்றொன்று. கல்யாணப் பதிவும் மையத்து அடக்கமும் ஜமாஅத் வழியாகத்தான் என்பதால், எந்தப் பள்ளிவாசல் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பது தலைக்கட்டு வரி மாதிரியே உறுதியான அடையாளம். அதற்குள் தர்காவுக்குப் போகிறவர், போவதைத் தவறென்று சொல்கிற தவ்ஹீத்காரர், குழுவாகப் பிரசாரத்துக்கு வெளியூர் கிளம்புகிற தப்லீக்காரர் என்று கருத்து வேறுபாடு உண்டு. ஒரே வீட்டில் அப்பா ஒன்று, மகன் ஒன்றாக இருப்பார்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையை இன்றும் சையத் பாஷா மலை என்றுதான் சொல்கிறோம். மேலே தர்கா. அங்கே ஏறுகிறவர்களில் இந்துக்களும் உண்டு. பிள்ளை ராத்திரியில் பயந்து அழுதால் பள்ளிவாசல் வாசலில் நின்று ஓதி ஊதிவிடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வருகிற இந்துத் தாய்மாரையும் பார்ப்பீர்கள். அவர்களிடம் "நீங்க இஸ்லாத்த நம்பறீங்களா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

கிறிஸ்தவர்களில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) வேறு, ஜெபக்கூட்டம் நடத்துகிற சபைக்காரர்கள் வேறு. கிருஷ்ணகிரிப் பக்கம் எலத்தகிரி, தர்மபுரிப் பக்கம் கோவிலூர் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். தர்மபுரி தனி மறைமாவட்டம் ஆனது 1997-இல். அதற்கு முன் சேலத்தோடு இருந்தது. இவர்கள் எந்தப் பங்கு (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரம்), எந்த அந்தோணியார் கோயில் தேர் என்று சொல்வார்கள். பேச்சின் தோரணை வேடியப்பன் கும்பிடுகிறவர் பேச்சுக்கு ரொம்பத் தூரமில்லை. சபைக்காரர்கள் நேர்மாறு. "இன்ன வருஷம் எனக்கு ஆபரேஷன், டாக்டர் கைவிட்டுட்டாரு, ஒரு சிஸ்டர் வந்து ஜெபம் பண்ணாங்க, அன்னைக்கு நான் ரட்சிக்கப்பட்டேன்" என்று தொடக்கம், திருப்பம், முடிவு எல்லாம் அமைந்த கதையாகச் சொல்வார்கள். சபையில் சாட்சி சொல்லிப் பழகியவர்கள். உங்கள் வினாத்தாள், சொல்லப்போனால், இவர்களுக்காக எழுதினது போல் இருக்கிறது. தன் நம்பிக்கையைத் தன் வாழ்க்கைக் கதையாகச் சொல்கிற பழக்கம் மற்றவர்களுக்கு இல்லை. அவர்கள் பதில் குட்டையாக இருப்பதால் நம்பிக்கையும் குட்டை என்று எழுதிவிடாதீர்கள்.

இதிலேயே கவனமாக இருக்க வேண்டிய இடமும் இருக்கிறது. பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகிய மூவருக்கு மட்டும்தான். 1950 ஆணை முதலில் இந்துக்களுக்கு என்றிருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவ மதத்தைக் கடைப்பிடிப்பவர் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சலுகை கேட்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. காலனியில் ஒரு அக்கா ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவார். சான்றிதழில் இந்து என்றிருக்கும். மகள் அந்தச் சான்றிதழில் நர்சிங் படித்துக்கொண்டிருப்பாள். அவரிடம் பெயர், ஊர், தெரு, மதம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனால் நீங்கள் ஆய்வு செய்யவில்லை, வம்பு விலைக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள். பெயர் எழுத வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம், ஒன்றியம் போதும். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் இந்தப் பகுதி வரும்போது நிறுத்திவிடுங்கள். சித்தேரி, வத்தல்மலைப் பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் சட்டப்படி இல்லை, பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. இருந்தாலும் பெயர் விஷயத்தில் அங்கேயும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

சாமி இல்லை என்கிறவர்களும் உண்டு. பெரியார் இயக்கத்துக்காரர்கள், கம்யூனிஸ்டுகள் எங்கள் பக்கம் பழைய ஆட்கள். பள்ளிச் சான்றிதழில் சாதி, மதக் கட்டங்களை வெற்றாக விடலாம் என்று 1973-லேயே தமிழ்நாட்டில் அரசாணை வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு, பள்ளியில் கேட்டால் எழுத்தரே தெரியாது என்பார். இவர்களிடம் கொள்கையை மட்டும் கேட்டால் நல்ல சொற்பொழிவு கிடைக்கும். முடி, வரி, சாவு என்ற அதே மூன்று கேள்விகளை இவர்களிடமும் போடுங்கள். "நான் கும்பிடறதில்ல. வரி கட்டிடுவேன், பங்காளிங்க மூஞ்சில முழிக்கணுமே. பேரனுக்கு முடி எடுத்தது அவங்க பாட்டி வேலை" என்று ஒருவர் சொன்னார். இந்த மூன்று வாக்கியத்தையும் அப்படியே தாளில் எழுதினால் போதும், அவரை நாத்திகர் என்ற கட்டத்தில் போடுவதா வேண்டாமா என்று உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் பார்த்துக்கொள்வார்.

எப்போது போவது என்றும் கேட்டிருந்தீர்கள். விதைப்பிலும் அறுப்பிலும் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். மகாசிவராத்திரிக்கு மறுநாள் காவேரிப்பட்டணத்தில் அங்காளம்மனுக்கு நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போனால் வேண்டுதல் செலுத்துகிறவர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் யாரையும் நிறுத்திக் கேட்க வேண்டாம், முகங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வீட்டுக்குப் போங்கள். அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிறவர்களில் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள், உங்கள் கணக்கில் அவர்களைத் தனியாக வையுங்கள். வீட்டுக்குப் போகும்போது ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் நேரம் ஒன்று, பெண்கள் மட்டும் இருக்கும் நேரம் ஒன்று என இரண்டு நடை போவது அவசியம். நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரையில் மதியச் சாப்பாட்டு நேரம் இரண்டாவதற்கு நல்லது.